மனவுறுதி பழகும் முறை

மனவுறுதி சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்றும், ஏனையோர் அதனை விரும்பியும் பெற இயலாது என்றும் கருதுவோர் உளர். இக்கருத்து மெய்யாயின் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தறியில் அமர்ந்து கை பழகுவதுபோல, உறுதியும் நாள்தோறும் பழகிப் பெறத்தக்க பண்பே ஆகும். அதனைப் பழகும் முறையே இப்பாடத்தின் பொருள்.

திருக்குறளின் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அதனை அடுத்து 63ஆம் அதிகாரமாக இடுக்கணழியாமை நிற்கிறது. இவ்வரிசை சிந்திக்கத்தக்கது. நல்ல நாளில் முயற்சியை வழக்கமாக்கிக் கொண்டவருக்கே கெட்ட நாளில் கலங்காத மனம் கைகொடுக்கும்.

நம்மை நாடி வரும் இடர்கள்

இராசிபுரம் வட்டாரத்தில் தறியை நம்பியோரும் நிலத்தை நம்பியோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழி ஈரம் கொள்ளும். வெளியில் பாவு ஓட்ட இயலாது. தீபாவளிக்கு முன் இரவும் பகலும் ஓடிய தறி, பண்டிகை கழிந்ததும் வேலைக்குக் காத்து நிற்பதுண்டு. மரவள்ளி விளைய ஏறத்தாழப் பத்து மாதம் ஆகும். கிழங்கு பிடுங்கும் வேளையில் விலை இறங்கினால் பத்து மாத உழைப்பின் பயனும் குறைந்துவிடும். இவை என்றோ ஒருநாள் வரும் இடர்கள் அல்ல, அடிக்கடி வருபவை. ஆதலால் இவற்றைத் தாங்கும் உறுதியையும் ஆண்டு முழுவதும் பழகுதல் வேண்டும்.

ராச்டேல் தரும் பாடம்

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கம்பளி நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடித் தோல்வியுற்ற காலம் அது. பெரும்பாலும் நெசவாளரும் பிற கைத்தொழிலாளருமான 28 பேர், 1844ஆம் ஆண்டில் சொந்தமாக ஒரு கடை நடத்தத் துணிந்தனர். கையில் முதல் இல்லை. வாரத்திற்கு இரண்டு பென்னி என்று சேமிக்கத் தொடங்கினர்; பிற்பாடு அதனை மூன்று பென்னியாக உயர்த்திக் கொண்டனர். அந்நாளில் 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுன்.

சேமிப்பதென முடிவு செய்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நகரை மூன்று பகுதிகளாகப் பிரித்து, மூன்று தண்டலாளரை நியமித்தனர். அவர்கள் ஞாயிறுதோறும் அங்கத்தினர் வீடுகளுக்குச் சென்று சந்தாவைப் பெற்றனர். மனம் சோர்ந்திருந்த வாரத்திலும் வாயிற்படியில் ஒரு தோழர் வந்து நின்றார். இவ்வாறு 28 பவுன் திரண்டது. 1844 டிசம்பர் 21ஆம் நாள் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு ஆகிய சில பண்டங்களோடு கடை திறக்கப்பட்டது. 1850ஆம் ஆண்டில் அங்கத்தினர் தொகை 600 ஆயிற்று.

தோல்வியுற்றோர் மீண்டும் எழுந்தது, ஒரே நாளில் பொங்கிய வீரத்தினால் அன்று என்பதைக் கருதுக. தம்மால் இயன்ற சிறு தொகை, குறித்த கிழமை, கேட்க வரும் தோழர் ஆகிய மூன்றுமே அவர்களைத் தாங்கின.

நமது மாவட்டத்தில்

1925ஆம் ஆண்டு இராஜாஜி திருச்செங்கோட்டிற்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மழை பொய்த்து மக்கள் வாடிய வட்டாரம் அது. ஊர்ப் பெண்கள் பஞ்சைப் பெற்று, வீட்டில் நூற்று, நூலைக் கொணர்ந்து கொடுத்துக் கூலி பெற்றனர். ஒருநாள் நூற்பின் கூலி சிறிதேயாயினும், வானம் பார்த்த பூமி கைவிட்டபோது அது கஞ்சிக்கு உதவியது.

பின்னர் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தபோது, 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அம்முறையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் அதன் அடிப்படையில் ஓர் உண்மை உண்டு. கூலியோடு வீடு திரும்பும் வழியில் கடை திறந்திருந்தால், மனிதன் நாள்தோறும் தன் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். கடை இல்லையேல் அப்போராட்டமே குறைகிறது. உறுதியுடையோர் தம் மனத்தைச் சோதனைக்கு நடுவே நிறுத்தி வைப்பதில்லை.

கடைப்பிடிக்க வேண்டிய நான்கு

முதலாவது, சிறிதாகத் தொடங்குக. நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிக்கப்படுகிறது. அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. அக்காசு கைக்கு வருமுன்பே சேமிப்பாகிவிடுவதால் மனம் அலைய இடமில்லை.

இரண்டாவது, நாளைக் குறித்துக் கொள்க. ‘கையில் மிஞ்சும்போது கட்டுவேன்’ என்போருக்கு மிஞ்சும் நாள் வருவதில்லை.

மூன்றாவது, ஒருவர் அறியச் செய்க. தார் சுற்றித் தரும் இல்லாளும், களையெடுக்கும் மகளும் குடும்பக் கணக்கை அறிந்திருத்தல் வேண்டும். மறைத்து வைத்த கடன் இரு மடங்கு கனக்கும்.

நான்காவது, தவறிவிட்டால் உடனே திரும்பி வருக. இதுவே நான்கிலும் தலையாயது. சங்கக் கணக்கேடுகளைப் பார்வையிடுகையில் ஒன்று புலப்படுகிறது. நிலுவையில் மூழ்கியோர் பலர் ஒரே பெரும் நட்டத்தினால் வீழ்ந்தவர் அல்லர். காய்ச்சலோ, கல்யாணச் செலவோ வந்து ஒரு தவணை தவறியது. அதனால் நாணம் உண்டாயிற்று. நாணத்தினால் சங்கத்தின் வாயிலை மிதிக்கவில்லை. அதற்குள் அடுத்த தவணையும் வந்தது. பின்னர் வெளிக்கடன், இறுதியில் தறியும் நகையும் கைமாறின. முதல் தவணையின் தொகை அவரை வீழ்த்தவில்லை. அதன் பின் வந்த நாணமே வீழ்த்தியது.

நெய்கையில் இழை அறுந்தால் எவரும் நாணுவதில்லை. தறியை நிறுத்தி, இழையை முடிந்து, மேலே நெய்கிறோம். முடியாது விட்டால்தான் குறை துணியில் நீள்கிறது. தவணையிலும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய காலத்தில் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. கெடு தவறினால் அச்சலுகை போய்விடும். ஆகவே இயலாமை தெரிந்தவுடன், கெடுவிற்கு முன்பே செயலாளரிடம் சென்று நிலைமையைக் கூறுக. இயற்கைச் சேதம் நேர்ந்த காலங்களில் தவணையை மாற்றியமைக்கும் வழக்கமும் உண்டு. கேட்பவருக்கே வழி திறக்கும்.

சங்கத்தின் கடமை

உறுதி மட்டும் இருந்தால் போதும் என்று கூறுதல் நேர்மையாகாது. நூல் விலை ஏறுவதும், வானம் பொய்ப்பதும் தனியொருவர் நெஞ்சுரத்திற்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆகையால் தவணை தவறியவரை உறுதியற்றவர் என்று இகழ்தல் தகாது. ராச்டேலில் தண்டலாளர் வீட்டிற்குச் சென்றார். நம் நிர்வாகக் குழுவினரும், ஒருவர் இரண்டு மாதம் வராவிட்டால் நோட்டீஸ் அனுப்புமுன் ஒருமுறை நேரில் சென்று விசாரித்தல் வேண்டும். திரும்பி வருபவருக்கு முகமலர்ந்து இடம் கொடுக்கும் சங்கத்தில், அங்கத்தினரின் உறுதியும் வளரும், நிலுவையும் குறையும்.

கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. உங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வேலையோ வருவாயோ குறையும் மாதங்கள் எவை? அவற்றிற்காக எம்மாதத்தில் சேமிக்கத் தொடங்கலாம்?

2. சேமிப்பிற்கும் தவணைக்கும் நீங்கள் குறித்து வைத்துள்ள நாள் எது? அதனை வீட்டில் வேறு யார் அறிவர்?

3. உங்கள் சங்கத்தில் சில மாதங்களாக வராதிருக்கும் அங்கத்தினர் எவரேனும் உளரா? இவ்வாரம் அவரைச் சென்று காண்பவர் யார்?