நெடுந்தீவுக்கு ஒரு நாள்: செலவைச் சுருக்கும் வழிகள்

1. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பேருந்திலேயே செல்லவும். வாடகை வாகனம் பிடித்தால் படகு வரும்வரை காத்திருப்புக் காசும் சேரும்.

2. முதல் படகின் நேரத்தை முந்தைய நாளே விசாரிக்கவும். படகுகள் குறைவு, கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நயினாதீவுப் படகும் இதே துறையிலிருந்துதான் புறப்படுகிறது, கேட்டுவிட்டு ஏறவும்.

3. தீவில் இறங்கியதும் கடைசிப் படகு எப்போது திரும்பும் என்று உறுதிசெய்யவும். தவறவிட்டால் இரவுத் தங்கல் கூடுதல் செலவு.

4. ஆட்டோவைப் படகில் உடன்வந்தவர்களோடு பகிரவும். பார்க்கும் இடங்களைச் சொல்லி, மொத்தக் கூலியை ஏறுமுன் பேசவும்: முருகைக் கல்லால் கட்டிய ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்கு மரம், தென்பகுதி வெளியில் மேயும் குதிரைகள். நேரம் போதாவிட்டால் புறாக்கூட்டை விடலாம். குதிரைகளை விடக் கூடாது. அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம், மனிதரிடம் பழகினால் காட்டு இயல்பு கெடும்.

5. குடிநீர், தொப்பி, சில்லறைப் பணம் கையோடு கொண்டுபோகவும். தீவில் நன்னீர் அரிது, வெளிகளில் நிழலும் இல்லை.

6. மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கடையில் சொல்லிவைக்கவும். ஆள் கணக்குப் பார்த்தே சமைப்பார்கள்.

7. பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேர்ந்தெடுக்கவும். ஆண்டு இறுதியில் மழை. நடுப்பகுதியில் தென்மேல் காற்றால் கடல் கொந்தளிக்கும்.