திரும்பி நின்ற கல்தூண்

அன்புள்ள கயலுக்கு,

நிலநடுக்கத்தில் தரை ஆடும், குதிக்கும். திருகவும் செய்யுமா என்று கேட்டிருந்தாய். நிலநடுக்கம் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. நம் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறிப் போனால் வரும் நெடுங்கண்டம் பக்கம் 1988 ஜூனில் 4.5 அளவிலும், ஈராட்டுபேட்டை பக்கம் 2000 டிசம்பரில் 5 அளவிலும் நிலம் நடுங்கியிருக்கிறது.

உன் கேள்விக்கு வருவோம். 1783இல் இத்தாலியின் கலாப்ரியா நடுங்கியபோது, ஒரு மடத்தில் நின்ற இரண்டு கல்தூண்கள் விழவில்லை. பீடம் அசையாமலிருக்க, மேலே அடுக்கிய கற்கள் மட்டும் திரும்பி நின்றன. 1897 அசாம் நடுக்கத்தில் சாதக் ஊரின் இங்லிஸ் நினைவுத்தூணின் ஒரு பகுதியும் இப்படித் திரும்பியது. கலாப்ரியாவில் தரையே சுழன்றிருக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நிலநடுக்கங்களை ஆராய்ந்த ராபர்ட் மாலெட் 1846இல் அதை மறுத்தார்.

அவர் சொன்னதை நீயே செய்து பார்க்கலாம். தரையில் சார்ட் பேப்பரை விரி. அதன்மேல் கனமான புத்தகத்தைக் குறுக்கே வைத்து, ஒரு முனைக்கு அடியில் மட்டும் ரப்பரைச் செருகு. பேப்பரை நேராக, வெடுக்கென்று இழு. ரப்பர் பிடித்த முனை கூடவே வரும், மறுமுனை பின்தங்கும், புத்தகம் திரும்பிவிடும். நீ இழுத்தது நேர்கோட்டில்தான்! எடையின் மையம் ஓரிடம், பிடிமானம் வேறிடம், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் தரை திருகவே திருகாது என்று முடிவுகட்டிவிடாதே. பக்கவாட்டில் ஆட்டும் அலை கடக்கும்போது, அடுத்தடுத்த இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் ஒரே அளவு நகர்வதில்லை. அந்த வித்தியாசம்தான் திருகல். மிகமிகச் சிறியது. வழக்கமான நிலநடுக்கமானி வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, மேல்-கீழ் என்ற மூன்றைத்தான் பதியும். மூன்று அச்சுகளைச் சுற்றிய திருகலையும் சேர்த்தால்தான் கணக்கு ஆறாகும். அந்தத் திருகலை அளக்க, ஜெர்மனியின் வெட்செல் ஆய்வகத்தில், 4 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் இரண்டு லேசர் கற்றைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. தரை துளி திரும்பினாலும் அவற்றின் அதிர்வெண்கள் விலகும். 2003இல் ஜப்பானின் ஹொக்கைடோ நடுக்கத்தின் திருகலை அங்கிருந்தே பிடித்துவிட்டார்கள்.

நமக்குக் கவலை தர வேண்டியது கட்டடத்தின் திருகல் என்பது என் எண்ணம். கம்பம் மெயின் ரோட்டுக் கடைகளைப் பார்: மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டரும் இரண்டு தூண்களும். தரை ரோட்டின் போக்கில் நேராக ஆடினாலும், விறைப்பான பின்சுவர் கொஞ்சமே அசையும். முன்பக்கம் வீசிக்கொண்டு போகும். அடி முதலில் அந்த மூலைத்தூண்களுக்குத்தான்.

அப்பா கடைக்கு மேல் மாடி எடுக்கப் போகிறாராமே. இன்ஜினியர் வரும்போது, முன்தூண்களைத் தடிப்பாக்குவது பற்றியும், தண்ணீர்த் தொட்டியை ஒரு மூலையில் ஏற்றாமல் நடுவில் வைப்பது பற்றியும் கேட்கச் சொல். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா