முதல் இணையதளத்தைப் பக்கத்துக் கடைக்குச் செய்யுங்கள்

வெப் டிசைன் வேலைக்குப் போக நினைப்பவர்கள் பலர் டொமைன் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். அடுத்து டெம்ப்ளேட் தேடுகிறார்கள். பக்கத்தில் என்ன எழுதுவது என்பது கடைசிவரை முடிவாவதில்லை. முதலில் முடிவுசெய்ய வேண்டியது அதைத்தான். உங்கள் தெருத் தையல் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளவுஸ் தைக்க எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா, எந்த நம்பருக்குக் கூப்பிடுவது? கடைக்காரரின் சம்மதத்தோடு இதற்கெல்லாம் பதில் கேட்டு எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிக்கு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் போதும். ஜாவாஸ்கிரிப்ட் பிறகு வரட்டும். டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் உலகுக்கு அறிவித்த முதல் இணையதளத்தில் எழுத்தும் இணைப்புகளும்தான் இருந்தன.

எழுதுவதற்கு விஎஸ் கோட் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் கோப்புக்கு இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று பெயர் வையுங்கள். சர்வர் வழக்கமாகத் தேடுவது அந்தப் பெயரைத்தான். ஹெட் பகுதியில் இரண்டு வரிகளை விடவே கூடாது. யுடிஎஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பைக் குறிகளாக மாறக்கூடும். வியூபோர்ட் வரி இல்லாவிட்டால் மொபைலில் பக்கம் முழுவதும் பொடி எழுத்தாகத் தெரியும். தமிழுக்கு லைன் ஹைட் 1.6 அளவில் இருந்தால் மேல் வரியின் கீழ்ச்சுழிகள் அடுத்த வரியில் இடிக்காது.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது படங்கள். லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்த படம் ஏற்றியதும் காணாமல் போகும். காரணம் பெரும்பாலும் கோப்பின் பெயர். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸ் பார்க்கும். எனவே பெயர் முழுவதும் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் இருக்கட்டும். போன் கேமராவில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துச் சேமித்தால் அளவு பல மடங்கு இறங்கிவிடும். சிக்னல் குறைந்த இடத்திலும் பக்கம் சீக்கிரம் திறக்கும்.

தொலைபேசி எண்ணை வெறும் எழுத்தாக விடாமல் டெல் இணைப்பாகக் கொடுங்கள். தொட்டால் போதும், எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கடைக்காரருக்கு வேறெந்த அலங்காரத்தையும்விட இதுதான் உதவும்.

பழகுவதற்கு கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையில் இலவசமாக ஏற்றலாம். இணையவழி வியாபாரம் நடத்த அங்கே அனுமதியில்லை. ஆர்டர், பணம் என்று போனால் கட்டண ஹோஸ்டிங்குக்கு மாறிவிடுங்கள். டொமைன் வாங்கும்போது கடைக்காரர் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவுசெய்யுங்கள். முதல் ஆண்டுச் சலுகை விலையில் மயங்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தையும் பாருங்கள்.

ஏற்றிய பிறகு போனைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நில்லுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கிட்ஹப்பில் தனித்தனி கமிட் (மாற்றப் பதிவு) போட்டு, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நேர்காணலில் எதையாவது காட்டச் சொன்னால், பக்கத்தோடு அந்தக் கமிட் வரலாற்றையும் திறந்து காட்டுங்கள்.