நம்பரைப் பாடமாக்கினால் காணுமா?

லண்டனில் எலக்ட்ரீஷியன் வேலை பழகும் நம் பையன்கள் ஏஎம்2 தேர்வு நெருங்கும்போது என்னைத் தேடி வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் போனை நீட்டுவார்கள். திரையில் ஒரு தாளின் படம் இருக்கும். யாரோ எப்போதோ கையால் எழுதியது. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி எழுத்தே மங்கிவிட்டது. ஒன்றில் இந்த வயர், இரண்டில் அந்த வயர் என்று பத்து வரிகள். “அண்ணை, ஹீட்டிங் கண்ட்ரோலுக்கு இந்தப் பத்து நம்பரையும் பாடமாக்கினால் காணும் எண்டு சொல்லுறாங்கள்.” யார் சொல்வது என்று கேட்டால் பெயர் வராது. எல்லோரும் சொல்கிறார்களாம்.

காணாது தம்பி. இதை ஆளுக்கு ஆள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால்தான் எழுதி வைக்கிறேன்.

ஏஎம்2 பிரிட்டனில் அப்ரென்டிஸாக இருப்பவர் முழு எலக்ட்ரீஷியன் ஆவதற்குக் கடைசியாகத் தாண்ட வேண்டிய செய்முறைத் தேர்வு. நெட் என்கிற அமைப்பின் பொறுப்பில், ஆளுக்கொரு தடுப்பறை கொடுத்து, நாள் கணக்கில் வேலை வாங்குவார்கள். லைட், ரிங் சர்க்யூட், த்ரீ பேஸ் மோட்டார் என்று போகிற பட்டியலில் எஸ் பிளான் ஹீட்டிங்கும் உண்டு: சுடுதண்ணீருக்கு ஒரு வால்வு, ரேடியேட்டருக்கு ஒரு வால்வு. மற்றதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பையன்கள் இங்கே வந்ததும் வியர்த்துப்போகிறார்கள். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் பத்து நம்பர் தாள்.

அந்தத் தாளில் என்ன கோளாறு? 1 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜங்ஷன் பாக்ஸில் 1 என்றால் வழக்கமாக லைவ். புரோகிராமரின் பின்தகட்டில் 1 என்றால் சுடுதண்ணீர் ‘ஆஃப்’. எஸ் பிளானில் அதற்கு வேலையே கிடையாது. சிலிண்டர் தெர்மோஸ்டாட்டில் 1 என்றால் ‘தண்ணீர் ஆறிவிட்டது, சூடு வேண்டும்’ என்று கேட்கிற முனை. ஒரே சுவரில் மூன்று ஒன்றுகள், மூன்றுக்கும் மூன்று பொருள். இதில் எந்த ஒன்றை ஐயா பாடமாக்குவது? தேர்வுக்கூடத்தில் வேறு கம்பெனி பாக்ஸை மாட்டி வைத்திருந்தால் பாடமாக்கிய பத்தும் போயிற்று.

போன மாதம் ஒரு பையன் என் பயிற்சிப் பலகையில் எஸ் பிளான் போட்டான். கை சுத்தம், வயரெல்லாம் சீப்பால் வாரியது போல. சுடுதண்ணீரை ‘ஆன்’ செய்தான். ஒன்றும் நடக்கவில்லை. “வால்வு பழுது அண்ணை.” வால்வு பழுதில்லை என்று எனக்குத் தெரியும், காலையில்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். பேசாமல் என் தேநீர்க் கோப்பையை எடுத்து, சிலிண்டர் தெர்மோஸ்டாட்டின் முதுகில் ஒட்ட வைத்து, டயலை அடிமட்டத்துக்குத் திருப்பினேன். சற்றுப் பொறுத்து ‘டிக்’. வால்வு உறுமிக்கொண்டு திறந்தது. பாய்லருக்குப் பதிலாக வைத்திருந்த பல்பு எரிந்தது.

“பாத்தியளே, வேலை செய்யுது!” என்றான்.

செய்கிறதுதான். தண்ணீர் கொதித்தால் பாய்லர் எரியும், ஆறினால் அணையும். ஏற்கெனவே சுடுகிற தண்ணீரை மட்டும் சுடவைக்கும் இயந்திரம்! அவனிடம் இரண்டு தாள்கள் இருந்திருக்கின்றன, ஒன்று எஸ் பிளானுக்கு, ஒன்று ஒற்றை வால்வு வை பிளானுக்கு. வை பிளானில் சிலிண்டர் தெர்மோஸ்டாட்டின் 2-ஆம் முனைக்கும் வேலை உண்டு. எஸ் பிளானில் அது சும்மா கிடக்கும். மண்டைக்குள் இரண்டும் கலந்து, 1-இல் போக வேண்டிய வயர் 2-இல் போய்விட்டது. நம்பர் தெரிந்தவனுக்கு இது தப்பு என்றே படாது. என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

நடப்பது இவ்வளவுதான். புரோகிராமர் ‘நேரமாகிவிட்டது’ என்கிறது. தெர்மோஸ்டாட் ‘ஆமாம், ஆறித்தான் இருக்கிறது’ என்று அதைக் கடத்திவிடுகிறது. அந்தக் கரண்ட் வால்வின் பிரௌன் வயருக்குப் போய் மோட்டாரைச் சுழற்றுகிறது. வால்வு முழுக்கத் திறந்த பிறகுதான் உள்ளே இருக்கிற சின்ன சுவிட்ச் ஒன்று மூடும். அந்த சுவிட்சின் இரண்டு கால்கள்தான் கிரேயும் ஆரஞ்சும். கிரேயில் எந்நேரமும் லைவ் காத்திருக்கும். சுவிட்ச் மூடியதும் அது ஆரஞ்சு வழியாகப் பாய்லருக்கும் பம்புக்கும் ஓடும். ரயில்வே கேட்டை மூடிப் பூட்டிய பிறகுதான் சிக்னல் விழும் இல்லையா, அதே கணக்கு. ரேடியேட்டர் பக்கத்து வால்வுக்கும் இதே கதை, சிலிண்டர் தெர்மோஸ்டாட்டின் இடத்தில் அறை தெர்மோஸ்டாட். இரண்டு ஆரஞ்சும் ஒரே முனையில் சேர்வதால் எந்தப் பக்கம் கேட்டாலும் பாய்லர் எரியும்.

வை பிளானில் வால்வு ஒன்றுதான், மூன்று வாய் உள்ளது. அங்கே கிரேயின் வேலை அடியோடு வேறு: ‘சுடுதண்ணீர் போதும்’ என்று சொல்ல வருகிற வயர் அது. அதே நிறம், எதிர் வேலை. நிறத்தைப் பாடமாக்குகிறவர்களும் இங்கேதான் விழுகிறார்கள்.

ஆகவே தாளை அழித்துவிட்டு வெள்ளைக் காகிதம் எடுங்கள். நம்பர் போடாமல், யார் கேட்கிறார், யார் கடத்துகிறார், யார் திறக்கிறார் என்று கோடு இழுங்கள். தினம் ஒரு தடவை, ஒரு வாரம். பிறகு எந்த பாக்ஸ் கொடுத்தாலும், முனைகளுக்கு நீங்களே பெயர் வைத்து வயரை இறக்கலாம். ஃபால்ட் கண்டுபிடிக்கச் சொல்லும்போதும் இந்தப் படம்தான் கைகொடுக்கும்.

மற்ற புரளிகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ‘எஸ் பிளானில் கிரேயும் ஆரஞ்சும் இடம் மாறினால் வால்வு எரிந்துவிடும்’ என்கிறார்கள். எரியாது, வெறும் சுவிட்சின் இரண்டு பக்கம், எது எப்படிப் போனாலும் மூடும். அதற்காக மாற்றிப் போட்டுப் பழகாதீர்கள், அடுத்து வருகிறவன் உங்களைத் திட்டுவான். ‘பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட்டுக்கு எர்த் எதற்கு, வெட்டிவிடு.’ வெட்டாதே. பிஎஸ் 7671 விதிப்படி எர்த் வயர் ஒவ்வொரு இடத்துக்கும் போய் அங்கே முறையாக முடிய வேண்டும். ‘காம்பி பாய்லர் காலத்தில் இந்தப் பழைய சிலிண்டர் வயரிங் எதற்கு?’ ஹீட் பம்ப் வருகிறது தம்பி, அதற்குச் சுடுதண்ணீர் சேர்த்துவைக்கச் சிலிண்டர் வேண்டும்.

ஸ்லீவ், அதாவது வயருக்கு மேல் மாட்டுகிற நிறக் குழாய், அந்த விஷயத்துக்கு மட்டும் இரண்டு வரி. தெர்மோஸ்டாட்டுக்கு இழுக்கிற கேபிளில் நீல வயர் சுவிட்ச் லைவாகிவிட்டால் இரண்டு முனையிலும் பிரௌன் ஸ்லீவ் ஏற வேண்டும். ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல் என்று பழகி வந்தவர்களுக்கு நீலத்தில் லைவ் இருப்பது உறுத்தவே உறுத்தாது. இங்கே நீலம் நியூட்ரல். ஸ்லீவ் இல்லாத நீலத்தை அடுத்தவன் நம்பிக் கை வைப்பான்.

கை வைப்பது என்றதும் இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சட்டைப் பையில் பேனா மாதிரிக் குத்தி வைத்திருக்கிறீர்களே, அந்த டெஸ்டர். அதைத் தூக்கி எறியுங்கள். ‘புரோகிராமரை ஆஃப் பண்ணி டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை, வேலை செய்தேன்’ என்று ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். புரோகிராமர் ஆஃப் ஆனால் பிரௌன்தான் செத்தது. கிரேயில் 230 வோல்ட் அப்படியே நிற்கிறது. மர ஏணியில், ரப்பர் செருப்பில் நின்றால் டெஸ்டரின் நியான் பல்பு லைவிலும் மங்கித் தெரியும். வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ‘எரியவில்லை’ என்பது ‘கரண்ட் இல்லை’ என்பதற்குச் சாட்சியே அல்ல.

செய்ய வேண்டியது: ஹீட்டிங் முழுவதற்கும் 3 ஆம்ப் ஃப்யூஸ் போட்ட ஸ்பர் ஒன்று இருக்கும். அதை அணைத்து, ஃப்யூஸை எடுத்து, பூட்டி, சாவியைப் பையில் போடுங்கள். ஜிஎஸ் 38 வழிகாட்டிக்கு ஒத்த இரண்டு முனை டெஸ்டரை முதலில் ப்ரூவிங் யூனிட்டில் வைத்து அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லைவ்–நியூட்ரல், லைவ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்து பாருங்கள். மறுபடி ப்ரூவிங் யூனிட். த்ரீ பேஸ் என்றால் பத்து அளவுகள், ஒன்றுகூடக் குறையக் கூடாது. பாடமாக்க ஆசையாக இருந்தால் இந்தப் பத்தைப் பாடமாக்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

தேநீர்க் கோப்பைப் பையன் நேற்று வந்திருந்தான். என் மேசையில் கிடந்த மின்சார பில்லின் பின்பக்கத்தில் எஸ் பிளான் முழுவதையும் வரைந்து காட்டினான். நம்பர் ஒன்றுகூட இல்லை. பலகையிலும் போட்டான், குளிர்ந்த தெர்மோஸ்டாட்டுக்கே வால்வு திறந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அறை தெர்மோஸ்டாட்டில் நீல வயர் மொட்டையாக நின்றது, ஸ்லீவ் இல்லாமல்.