குளிர்நீர்ச் சுற்றில் பம்ப் சேர்க்கும் வெப்பம்

கேள்வி: மூடிய குளிர்நீர்ச் சுற்றில் பம்பால் கூடும் வெப்பத்தை மதிப்பிட, பம்புக்குள் வீணாகும் ஆற்றலை மட்டும் கணக்கில் கொண்டால் போதுமா?

பதில்: போதாது. நீர் புறப்பட்ட இடத்துக்கே அதே உயரத்திலும் அழுத்தத்திலும் திரும்புவதால், பம்ப் ஊட்டிய ஆற்றல் எங்கும் சேமிப்பாக நிற்பதில்லை. வீணாகும் பகுதி பம்புக்குள்ளேயும், நீரை உந்தும் பகுதி குழாய், வால்வு, சுருள் ஆகியவற்றின் உராய்விலும் வெப்பமாக மாறுவதால், மோட்டாரின் தண்டு வழியே வரும் ஆற்றல் முழுவதும், நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரின் சுமையோடு சேர்கிறது.

விநாடிக்கு 20 லிட்டர் நீரை 25 மீட்டர் ஹெட்டுக்கு, அதாவது அவ்வுயர நீர்த்தம்பத்துக்கு நிகரான அழுத்தத்துக்கு எதிராக, 70 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட பம்ப் தள்ளினால், நீர் பெறும் 4.9 கிலோவாட்டை 0.7ஆல் வகுக்கக் கிடைக்கும் 7 கிலோவாட், ஏறத்தாழ 2 டன் குளிரூட்டலுக்குச் சமம். நீரின் வெப்பநிலையோ 0.08 பாகை செல்சியஸ்தான் உயரும் என்பதால், சாதாரண வெப்பமானியால் இதை அளக்க முயல்வது வீண்வேலை.

மோட்டார் வெளியே இருப்பின் அதன் இழப்பு அறைக் காற்றைச் சேரும். நீரில் மூழ்கிய மோட்டாராயின் அதுவும் சுற்றுக்குள்ளேயே தங்கும். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 5.5 பாகை வேறுபாடு உள்ள முழுச்சுமையில், அதாவது சுமார் 460 கிலோவாட்டில், இந்த 7 கிலோவாட் 1.5 விழுக்காடே, சுமை கால்பங்காகக் குறைந்த பின்னும் பம்ப் அதே வேகத்தில் ஓடினால் 6 விழுக்காட்டை எட்டும்.