காலநிலையும் பருவகாலமும் கறவை மாடுகளின் பால் உற்பத்தியும்

விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் – க.பொ.த. (சா/த)



வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து காத்தான்குடிக்கு வரும் தயிர்ச்சட்டியை நீங்கள் அறிவீர்கள். அதற்கான பால் கோடையிலும் குறைகிறது, அடைமழையிலும் குறைகிறது. ஆனால் காரணங்கள் வெவ்வேறு. இப்பகுதி வினாவுக்குப் பலர் “வெப்பம் கூடினால் பால் குறையும்” என்று ஒரே வரியில் எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். காரணம், விளைவு, தீர்வு ஆகிய மூன்றையும் எழுதப் பழகுங்கள்.

1. வெப்பநிலையின் தாக்கம்

பசுவின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ் ஆகும். பிறீசியன் போன்ற ஐரோப்பிய இனங்களுக்கு 5 – 25 பாகை வரையான சூழல் உகந்தது. மட்டக்களப்பிலோ ஆண்டுச் சராசரியே 27 பாகை அளவில் உள்ளது, ஈரப்பதனும் அதிகம்.

தீனி சமிபாடடையும்போது உடலில் வெப்பம் உண்டாகும். எனவே வெப்பத்தால் வருந்தும் பசு,
• தீனி உண்பதைக் குறைக்கும்.
• வேகமாக மூச்சு வாங்கும், அதிக நீர் குடிக்கும்.
• வேட்கை அறிகுறிகளைத் தெளிவாகக் காட்டாது. இதனால் சினைப்படுதல் பிந்தும். அடுத்த கறவைக் காலமும் பிந்தும்.

2. இனத்துக்கு ஏற்ற இடம்

பிறீசியன், அயர்சயர் இனங்கள் நுவரெலியா போன்ற குளிரான மலைநாட்டுக்கு ஏற்றவை. சாஹிவால், சிந்தி இனங்கள் வெப்பத்தைத் தாங்கும். உலர் வலயத்துக்கு ஏற்றவை. எருமைக்குக் கருந்தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் உள்ளன. ஆகவே அது நீரிலும் சேற்றிலும் கிடந்து உடலைக் குளிர்விக்கும். குளம் வற்றினால் எருமைப்பாலும் குறையும்.

3. கோடை (மே – செப்டெம்பர்)

கச்சான் காற்றில் புல் காய்ந்து நார்த்தன்மை அடையும், புரதம் குறையும். பாலில் ஏறத்தாழ 87% நீர் என்பதால் குடிநீர்த் தட்டுப்பாடு பாலை உடனே குறைக்கும்.

4. மாரி (ஒக்டோபர் – பெப்ரவரி)

வடகீழ்ப் பருவமழையால் புல் செழிக்கும். ஆயினும் வயல்களில் பெரும்போக நெல் நிற்பதால் மாடுகளைத் தொலைவிலுள்ள மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். மயிலத்தமடு, மாதவனை இதற்கு உதாரணங்கள். அங்கு அத்துமீறிப் பயிர் செய்யப்படுவதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினர். மேய்ச்சற்றரை இல்லையேல், மழை பெய்தும் மாடு பட்டினிதான்.

சேற்றால் மடியழற்சியும் குளம்பு நோய்களும் பரவும். நனைந்த உடலில் குளிர்காற்று பட்டால் உடல் வெப்பம் விரைவாக இழக்கப்படும். 2022 டிசம்பரில் மாண்டோஸ் புயற்காலத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான கால்நடைகள் குளிரால் இறந்தன. திறந்த வெளியில் நின்ற, மெலிந்த மாடுகளே இத்தகைய குளிருக்கு எளிதில் பலியாகும்.

5. தீர்வுகள்

• நிழல் மரங்கள் நடுதல், உயரமான கூரையுள்ள கொட்டகை அமைத்தல்.
• எந்நேரமும் சுத்தமான நீர் வழங்கல்.
• கோடையில் அதிகாலையிலும் மாலையிலும் மேய்த்தல்.
• மாரியில் மிகும் புல்லை உலர்புல்லாகவோ சைலேஜாகவோ சேமித்தல்.
• வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தல்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூடிவைத்தல். யூரியாவை நேரடியாகத் தீனியாக இடலாகாது, அது நஞ்சாகும்.
• மழைக்கு மேட்டுநிலத்தில், வாடைக்காற்றுப் படாத ஒதுக்கிடம் அமைத்தல்.

மாதிரி வினா

உலர் வலயத்தில் கோடைகாலத்தில் பால் உற்பத்தி குறைவதற்கான இரு காரணங்களையும் ஒவ்வொன்றுக்குமான தீர்வையும் எழுதுக. (4 புள்ளிகள்)

விடை:
(i) வெப்பத்தால் தீனி உண்பது குறைதல் – நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகை அமைத்தல்.
(ii) பசும்புல் தட்டுப்பாடு – மாரியில் சேமித்த உலர்புல் அல்லது சைலேஜ் வழங்கல்.

நினைவிற் கொள்க: “மாரிகாலத்தில்” என்று வினா வந்தால் இவ்விடை பொருந்தாது. பருவத்தைப் பார்த்த பின்பே பேனையை எடுங்கள்.