துருவேறி இறுகிய ஸ்பிரிங் போல்ட்டுகள்: கழற்றும் முறையும் காக்கும் முறையும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில் பழைய பிக்கப் வண்டி கமக்காரரின் இன்றியமையாத துணையாகும். கல்லோயா நீர் பாயும் மேற்கு வயல்களுக்கு விதைநெல்லும் உரமும், சந்தைக்கு மரக்கறியும் அதிலேயே செல்கின்றன. பெரும்போக அறுவடைக் காலத்தில் அதன் ஸ்பிரிங் முறிந்து வண்டி நின்றுவிடுமாயின், பழுதுபார்க்கும் செலவினும், வயலிற் காத்துக்கிடக்கும் நெல்லினால் வரும் நட்டமே பெரிதாகும்.

காரணம்

கடற்காற்று உப்பைச் சுமந்து வருகின்றது. வண்டியிற் சிந்தும் பொட்டாசியம் குளோரைட்டு உரமும் ஓர் உப்பேயாகும். மாரிமழையின் ஈரத்தோடு இவை சேர்ந்தால் இரும்பு விரைவில் துருவேறும். துருவானது, அது தோன்றிய இரும்பைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் பின் ஸ்பிரிங் பட்டையின் கண்ணில் இறப்பர் புஷ்ஷும், அதன் நடுவே இரும்புக் குழலும் உள்ளன. போல்ட் அக்குழலினூடே செல்கின்றது. இடைவெளியில் துரு நிறைந்ததும் இரண்டும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். நட்டு கழன்ற பின்னரும் போல்ட் வெளிவராமைக்கு இதுவே காரணம்.

கழற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்கு அடைகொடுத்தல் வேண்டும். வண்டியை உயர்த்தியபின் சட்டகத்தின் கீழ் உறுதியான தாங்கிகளை வைத்து, அச்சையும் தனியே தாங்குதல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ச் செல்லுதல் உயிராபத்தாகும்.

2. புரிகளைக் கம்பித் தூரிகையால் துப்புரவு செய்து, துருவில் ஊடுருவும் எண்ணெயை இரண்டு நாட்களுக்குக் காலையும் மாலையும் இடுக.

3. நட்டின் ஆறு பக்கங்களிலும் பொருந்தும் ஸ்பனரைக் கொண்டு முதலிற் சிறிது இறுக்கி, பின்னர் தளர்த்துக. மாறிமாறித் திருப்பினால் துரு நொறுங்கும். ஒரே மூச்சில் வலிந்து திருப்பினால் போல்ட் முறியும்.

4. சுத்தியலால் அடிக்குமுன் நட்டைப் போல்ட்டின் நுனிக்குச் சமமாக விடுதல் வேண்டும். அவ்வாறாயின் புரி சிதையாது.

5. திருப்பும்போது சற்று அசைந்து, விட்டதும் பழைய நிலைக்கே திரும்புமாயின், போல்ட் குழலோடு பற்றியுள்ளது என அறிக. அங்கு இறப்பரே முறுகுகின்றது. நெருப்பினாற் சூடாக்குதல் இறப்பரை எரிக்கும். எரிபொருட் குழாயும் பிரேக் குழாயும் அருகிலிருப்பின் பேராபத்தாகும். புஷ்ஷுக்கும் தாங்கிப் பட்டைக்கும் இடையே இருபுறமும் வாளலகால் அறுத்து, போல்ட்டையும் புஷ்ஷையும் புதிதாக இடுதலே நன்று.

மீளப் பூட்டுதல்

பழைய போல்ட்டின் தலையில் 8.8, 10.9 போன்ற வலிமைக்குறி காணப்படும். அதே குறியுள்ளதையே இடுதல் வேண்டும். சாதாரண போல்ட் பாரத்தைத் தாங்காது. குழலினுட் செல்லும் பகுதிக்கு மெல்லிதாகக் கிறீஸ் பூசுக. வண்டியை இறக்கி, அதன் பாரம் சில்லுகளில் நின்ற பின்னரே இறுதியாக இறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகிய நிலையிலேயே நின்று விரைவிற் கிழியும். சில நாட்கள் ஓடியபின் மீண்டும் இறுக்கத்தைப் பார்த்தல் அவசியம்.

காக்கும் முறை

உரம் ஏற்றிய நாளிலும், கடற்கரை மணலில் ஓடிய நாளிலும் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுக. மாரிக்கு முன்னரும் பின்னரும் போல்ட்டுகளைச் சோதித்துக் கிறீஸ் இடுக. ஓய்வான நாளிற் செய்யும் அரைநாள் வேலை, அறுவடை நாளில் வண்டியையும் அதில் ஏறிச்செல்லும் தொழிலாளரையும் காக்கும்.